திரும்பி வந்த கதைகள்

பத்திரிகைகளுக்கு அனுப்பிய சிறுகதைகள் திரும்பி வந்தபோதெல்லாம் எழுத உட்காரவே மனம் கூசியது. ‘இதெல்லாம் உனக்கு எதற்கு?’ என்று நெருங்கியவர்களே கேட்டது இன்னும் வலித்தது.

என்னை மீட்டது ஒரு சிறு ஏற்பாடு. ஒரு கதையை அனுப்பிய அன்றே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். மறுப்பு வரும்போது மனம் புதிய கதையில் ஊன்றியிருக்கும். அடி அவ்வளவு ஆழமாக இறங்காது. மனம் ஆறிய பிறகே கடிதத்தை மறுபடி படிப்பேன், அதுவும் திருத்தத்துக்கு உதவும் குறிப்பைத் தேடி மட்டும். ‘முடிவு அவசரமாக இருக்கிறது’ என்றால் உட்கார்ந்து திருத்துவேன். ‘எங்களுக்குப் பொருந்தவில்லை’ என்றால், பக்க அளவோ இதழின் போக்கோ காரணமாக இருக்கலாம். கதை அப்படியே வேறு இதழுக்குப் போகும்.

அரைகுறைப் பிரதியை எல்லோரிடமும் காட்டுவதில்லை. கறாராக வாசிக்கும் ஒரு தோழி போதும், உண்மையிலேயே போதும்.

சென்ற மாதம் ஒரு கதை அச்சில் வந்தது. இன்னொன்று திரும்பியிருக்கிறது, அதன் முடிவைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.