'மெதுலா' என்றதும் முதுகைத் தொட்டுப் பார்க்கிறார்கள்: ஸ்டெம் செல் கொடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் லத்தீனோ மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், கூடும் தேவாலயங்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் சில சமயம் வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு ஸ்டெம் செல், அதாவது எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் செல், கொடுக்க முன்வருபவர்களின் பெயரைப் பதிவார்கள். பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறம் சில விநாடி தேய்த்து உறையில் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு சொல்லே பலரைத் துரத்திவிடுகிறது.

ஸ்பானிய மொழியில் எலும்பு மஜ்ஜை 'மெதுலா ஓசெயா'. தண்டுவடம் 'மெதுலா எஸ்பினால்'. பேச்சில் இரண்டும் வெறும் 'மெதுலா' ஆகிவிடும். "மெதுலா கொடுக்கிறாயா?" என்று பேரனைக் கேட்டால், முதுகில் ஊசி குத்தி முடமாக்கிவிடுவார்களோ என்று பாட்டி பதறத்தானே செய்வார்? இதில் தவறு பாட்டியுடையதல்ல, விளக்காமல் கேட்டவர்களுடையது.

பத்துக் கொடைகளில் ஏறக்குறைய ஒன்பது கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகவே நடக்கின்றன. ஐந்து நாள் ஃபில்கிராஸ்டிம் ஊசி போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வரும். பிறகு சில மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க, இயந்திரம் அந்தச் செல்களை மட்டும் பிரித்தெடுத்து மீதி ரத்தத்தைத் திருப்பி அனுப்பும். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும். ஆள் சேர்க்கும் ஆர்வத்தில் இதை மறைப்பதும் தவறுதான். எஞ்சிய சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பகுதியிலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள். முதுகெலும்பைத் தொடுவதே இல்லை. எடுத்த மஜ்ஜை நான்கு முதல் ஆறு வாரத்தில் மீண்டும் ஊறிவிடும்.

ரத்த வகை ஒன்றானால் போதும் என்பது அடுத்த தவறு. இங்கே பார்ப்பது எச்.எல்.ஏ. எனும் திசு அடையாளத்தை. அதற்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன, பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகின்றன. உடன்பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். சுமார் 70 சதவீத நோயாளிகளுக்குக் குடும்பத்துக்குள் முழுப் பொருத்தம் கிடைப்பதில்லை. 'எங்கள் வீட்டில் ஏழு பேர் இருக்கிறோம், பார்த்துக்கொள்வோம்' என்ற தெம்பு ஏமாற்றத்திலும் முடியலாம்.

லத்தீனோ என்றால் ஒரே இனம் என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடி, ஸ்பெயினிலிருந்து வந்தவர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் என ஐந்நூறு ஆண்டுக் கலப்பு அவர்களுடையது. அந்தக் கலவை புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு விதம், அர்ஜென்டினாவில் வேறு விதம். அதனால் சிலரின் எச்.எல்.ஏ. சேர்க்கை மிக அரிதாகிவிடுகிறது. என்.எம்.டி.பி. எனும் அமெரிக்கப் பதிவேட்டின் கணக்குப்படி, முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 சதவீதம், லத்தீனோக்களுக்கு 48, கறுப்பினத்தவருக்கு 29. நமக்கும் இது அந்நியச் சங்கதி இல்லை: அதே கணக்கில் ஆசியர்களுக்கு 47தான். சென்னையில் 2009இல் தாத்ரி பதிவேடு தொடங்கப்பட்டதும் இந்தியர்களுக்குப் பொருந்தும் கொடையாளர்கள் வேண்டும் என்றுதான்.

இப்போது ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்திய பின் சைக்ளோபாஸ்பமைடு எனும் மருந்தைக் கொடுப்பதால், ஓரளவே பொருந்துபவரும் கொடையாளராகலாம். நல்ல செய்திதான். 'அப்படியென்றால் நான் எதற்கு?' என்று கேட்பதுதான் தவறு. மருத்துவர்கள் பெரும்பாலும் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவரையே தேடுகிறார்கள், கூப்பிட்டால் வருகிற இளைஞர்களை.

என் கணிப்பில் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. உள்ளூர்க் குழந்தை ஒன்றின் படத்தைப் பார்த்து மனமிரங்கிப் பெயர் கொடுக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக அழைப்பு வருகிறது. "அந்தக் குழந்தைக்கில்லையா?" என்று தயங்குகிறார்கள். அல்லது தெரியாத எண், விளம்பரக்காரராக இருக்கும் என்று எடுப்பதே இல்லை. சிலர் வீடும் எண்ணும் மாறியதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படிப் பின்வாங்குவோரும் தொடர்புக்கு அகப்படாதோரும் சிறுபான்மையினரிடையே வெள்ளையரைவிட அதிகம். பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரி பில்லுக்குப் பயந்து மறுப்பவர்களும் உண்டு. அந்த நாட்டில் அது நியாயமான பயம். ஆனால் என்.எம்.டி.பி. வழியாகக் கொடுத்தால் கொடையாளர் கையிலிருந்து காசு போகாது. மருத்துவச் செலவு, பயணம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் எப்போதும் உரிமை உண்டு. எப்போது சொல்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கொடையாளர் இறுதிச் சம்மதம் தந்த பிறகு, நோயாளியின் மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் அழித்துவிடுவார்கள். அதற்குமேல் பின்வாங்கினால் அவருக்குப் பழைய மஜ்ஜையும் இல்லை, புதியதும் இல்லை. மனம் ஒப்பவில்லையென்றால் அந்த மேசையிலேயே சொல்லிவிடலாம், யாரும் கோபிக்கப்போவதில்லை.

சரி என்றால், பதிவேட்டின் எண்ணை உடனே பெயரோடு போனில் சேமியுங்கள். ஸ்பானிய வழக்கப்படி இரண்டு குடும்பப் பெயர் உள்ளவர்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மாற்றுத் தொடர்பு கேட்டால் அம்மாவின் எண்ணைக் கொடுங்கள். பிள்ளை எந்த ஊருக்கு வீடு மாறினாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.