நாலு வரிப் பாட்டில் ஒரு படப் புத்தகம்

பிள்ளையின் முதல் புத்தகம் அதன் வாயில் ஏற்கெனவே ஊறிய பாட்டாக இருந்தால் நல்லது. எழுத்துத் தெரியாவிட்டாலும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே வாசிக்கும். அதனால் நாலே வரியில் முடியும் ‘நிலா நிலா ஓடி வா’வை எடுப்போம்.

ஏ4 தாள் 3, ஒரு பிறிஸ்டல் போட் (தடித்த மட்டை), பென்சில், பஸ்டல் (வண்ணக் கட்டி) பெட்டி, தையல் ஊசி, தடித்த நூல் போதும். மார்க்கர் வேண்டாம், மை மறுபக்கம் ஊறிவிடும்.

முதலில் மூன்று தாளையும் அடுக்கிச் சரிபாதியாக மடியுங்கள். 12 பக்கம் கிடைக்கும். படம் கீற முன்னமே மூலைகளில் பென்சிலால் இலக்கம் போடுங்கள், பிறகு தாளைப் பிரித்தாலும் குழப்பம் வராது. 1ஆம் பக்கம் தலைப்புக்கு. 2–3, 4–5, 6–7, 8–9 என்ற சோடிகளில் ஒவ்வொரு வரி. 10–11 பிள்ளை கீறுவதற்கு. 12இல் அதன் பெயர்.

அடுத்தது படம். நேரம் எடுக்க வேண்டியது இதற்குத்தான். நான் முதலில் செய்த புத்தகத்தில் ‘மலை மேலே ஏறி வா’ வரிக்கு இரண்டு முக்கோணமும் நடுவில் நிலாவும் கீறினேன். கிளிநொச்சியில் வளரும் என் பெறாமகள் விரலை வைத்து, “சித்தி, இது வைக்கல் கும்பியோ?” என்று கேட்டாள். அவளில் பிழை இல்லை. எங்கள் பக்கம் சமதரை. அவள் ஏறிப் பார்த்த உயரம் இரணைமடுக் குளக்கட்டுத்தான். வரியை அப்படியே விட்டுப் படத்தை மாற்றினேன். நிலா குளக்கட்டில் ஏறி வருகிறது, கீழே தண்ணீரில் இன்னொரு நிலா. இப்போது அந்தப் பக்கம் வந்தாலே “ரெண்டு நிலா!” என்று கத்துகிறாள். பாட்டில் இல்லாத ஒன்றைப் படத்தில் தானே கண்டுபிடித்த சந்தோசம் அது.

இன்னொன்று, 6–7 மட்டும்தான் நடுவில் பிரியாத ஒரே தாள். நீளமான குளக்கட்டுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மற்றச் சோடிகளில் இரண்டு தாள் சந்திக்கும், நடுவில் முகம் வந்தால் பிளந்துவிடும்.

முதல் வரியில் நிலாவைப் பனைக்குப் பின்னால் காசளவு கீறி, வரிக்கு வரி பெரிதாக்குங்கள். ஓடி வருவது கண்ணுக்குத் தெரியும். மல்லிகைப் பூ வரிக்கு நான் வைகாசியில் நடக்கும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலையும் ஒரு பூக்கடையையும் கீறினேன். எழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரு விரல் அகல உயரத்தில் இருக்கட்டும்.

சரி, இனித் தையல். பிறிஸ்டல் போட்டைத் தாளைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, மடித்து, அட்டையாக வையுங்கள். மடிப்பில் நடுவில், மேலே, கீழே என மூன்று துளை. உள்ளிருந்து நடுத்துளையால் ஊசியை வெளியே எடுங்கள். மேல் துளையால் உள்ளே விட்டு, நேரே கீழ்த் துளைக்குக் கொண்டுபோய் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே. உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் நுனிகள் வரும்படி வைத்து இறுக்கி முடியுங்கள். ஸ்டேப்ளர் அடிக்க வேண்டாம். பின் கழன்றால் இந்த வயதில் நேரே வாய்க்குத்தான் போகும்.

முதல்நாள் வாசித்து 10ஆம் பக்கம் வந்ததும் பஸ்டல் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். என் பெறாமகள் பெரிய வட்டம் ஒன்று கீறி, அதற்கு இரண்டு கால் வைத்தாள். ஓடி வர வேண்டுமாம்.