உப்புக்காற்று வீட்டுக்கு ஏற்ற புரொஜெக்டர்: பார்த்து வாங்குவதும் பதமாகப் பொருத்துவதும்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வீட்டிலேயே பெரிய திரையில் படம் பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து லூமன்ஸை, அதாவது கருவி வீசும் வெளிச்சத்தின் அளவைக் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: அறையின் நீளம், மின்விசிறி தொங்கும் இடம், கருவிக்குள் காற்று போய்வரும் வழி. மதுரையில் சிக்கலில்லாமல் ஓடும் கருவி இங்கே சீக்கிரம் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

அளவு எடுப்பது

திரை வரப்போகும் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் பிடியுங்கள். லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது த்ரோ ரேஷியோ. கருவியின் விவரத்தாளில் இந்த எண் இருக்கும். 16:9 அளவில் 100 அங்குலத் திரை என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. த்ரோ ரேஷியோ 1.5 உள்ள கருவிக்கு அந்தப் படம் விழ 332 செ.மீ. தூரம் வேண்டும், அதாவது ஏறத்தாழ 11 அடி.

12 அடி நீள அறையில் கருவியின் உடல், பின்னால் கேபிள் வளைய இடம், காற்று போக இடம் எல்லாவற்றுக்குமாக 45 செ.மீ. கழித்தால் மிச்சம் 320 செ.மீ. அதை 1.5 ஆல் வகுத்தால் 213 செ.மீ. அகலம், சுமார் 96 அங்குலப் படம். போதும். 10 அடி அறையில் இதே கருவி 78 அங்குலத்தோடு நின்றுவிடும். அங்கே 1.2 ரேஷியோ உள்ளதை எடுத்தால் 98 அங்குலம் வரை வரும். ஜூம் இல்லாத கருவி என்றால் இந்தக் கணக்கு ஒரு சாண் தப்பினாலும் திரையை மாற்ற வேண்டியிருக்கும். அதனால் திரையைக் கருவிக்குப் பிறகு வாங்குங்கள்.

வெளிச்சம்

அட்டைப்பெட்டியில் 9000 லூமன்ஸ் என்று போட்டிருக்கும் சின்ன எல்.இ.டி. பெட்டிகள் பெரும்பாலும் 200, 300 ஆன்சி லூமன்ஸைத் தாண்டுவதில்லை. ‘ஆன்சி’ அல்லது ‘ஐஎஸ்ஓ 21118’ என்ற தர முறையில் அளந்ததாகக் குறிப்பிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். ஃபிலிம் காலத் தியேட்டர் திரைக்கான அளவுகோல் 16 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு 16 லூமன்ஸ். 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 30 சதுர அடி. ஆகவே முழு இருட்டில் திரையில் 480 லூமன்ஸ் விழுந்தால் தியேட்டர் வெளிச்சம் கிடைத்துவிடும். ஆனால் சினிமா மோடில் போட்டால் வெளிச்சம் சொன்ன எண்ணைவிடக் கணிசமாகக் குறையும், வருஷம் ஆக ஆக இன்னும் இறங்கும். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்ட அறைக்கு 1000 முதல் 1500 வரை போதும். டியூப்லைட்டை எரியவிட்டுக் குடும்பமே கிரிக்கெட் பார்க்கும் ஹால் என்றால் 2500க்குக் கீழே போகாதீர்கள்.

‘4கே சப்போர்ட்’ என்பது 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும் என்ற அளவில்தான். ‘நேட்டிவ்’ (கருவியின் உண்மையான பிக்சல் எண்ணிக்கை) என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 1920×1080 இருக்கிறதா என்று பாருங்கள். 9, 10 அடியில் உட்கார்ந்து பார்க்க அதுவே தாராளம்.

எந்த வகை

மூன்று எல்சிடி பேனல்கள் வழியாக ஒளியை விட்டுப் படம் காட்டும் 3எல்சிடி கருவிகளில் நிறம் அழகு, வெள்ளைக்கும் வண்ணத்துக்கும் வெளிச்சம் ஒன்றுபோல வரும். ஆனால் பெரும்பாலானவற்றில் பேனல்களைக் குளிர்விக்க வெளிக்காற்றையே ஃபில்டர் வழியாக உள்ளே ஊதுகிறார்கள். பெரிய தூசியை ஃபில்டர் பிடிக்கும், நுண்ணிய உப்பைப் பிடிக்காது. உப்பு பேனல் மேல் படிந்து, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தண்ணீரை இழுத்துக் கசிந்து, திரும்பக் காய்ந்து, கறையாக நிற்கும். படத்தில் மங்கலான வட்டமாகத் தெரிவது அதுதான். வெளியே லென்ஸை எவ்வளவு துடைத்தாலும் போகாது.

அதனால் கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் ஒளிப்பகுதியைக் காற்று புகாமல் மூடிய டிஎல்பி கருவியே (நுண்ணிய கண்ணாடிகளால் ஒளியைத் திருப்பிப் படம் காட்டும் வகை) எங்கள் தேர்வு. விவரத்தாளில் ‘சீல்டு ஆப்டிகல் எஞ்சின்’ என்றோ, தூசித் தடுப்புக்கான தரக்குறியான ஐபி5எக்ஸ், ஐபி6எக்ஸ் என்றோ இருக்க வேண்டும். கலர் வீல் (சுழலும் நிறச் சக்கரம்) வைத்த டிஎல்பியில் சிலருக்குக் கண்ணைத் திருப்பும்போது வானவில் கீற்று தெரியும். வாங்குமுன் வீட்டில் எல்லோரும் கடையில் பத்து நிமிஷம் கறுப்பு-வெள்ளைக் காட்சி ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது.

விளக்கு வகை 4000 முதல் 6000 மணி நேரம் வரும், லேசரும் எல்.இ.டி.யும் 20,000 என்பார்கள். தினம் 3 மணி நேரம் என்றால் அது 18 வருஷக் கணக்கு. இந்தக் காற்றில் அத்தனை காலம் மின்பலகை தாங்கும் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள். சர்வீஸ் சென்டர் மதுரையிலாவது இருக்கிறதா என்று கேட்டு வைப்பது அந்த 20,000ஐ விட முக்கியம்.

வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் கருவி என்றால் பின்புறச் சீட்டில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சதுரமுனைப் பிளக்குக்கு அடாப்டர் மாட்டி ஆடவிடாமல், இந்திய மூன்றுமுனைப் பவர் கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். இங்கே வாரண்டி செல்லுமா என்பதை அங்கே வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

மின்விசிறியும் சுவரும்

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நடுச்சீலிங்கில் மாட்டச் சொல்பவர்கள் நம் வீட்டு ஃபேனை மறந்துவிடுகிறார்கள். சித்திரை வைகாசியில் ஃபேனை நிறுத்திவிட்டு யாரும் படம் பார்க்க முடியாது. ஒளி இறக்கைக்குக் குறுக்கே போனால் படம் விட்டுவிட்டுத் துடிக்கும். குறுக்கே போகாவிட்டாலும் ஃபேனின் அதிர்வு தளம் வழியாகக் கருவிக்கு ஏறி எழுத்துகள் நடுங்கும். பின்சுவரில் 7 அடி உயரத்தில் தாங்கி அடித்து, அதில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மெனுவில் ‘சீலிங்’ என்று மாற்றுவதே சரி. டிஎல்பி கருவிகள் மேஜையில் நிமிர்ந்திருக்கும்போது லென்ஸுக்கு மேல்பக்கம் படத்தை வீசும், தலைகீழானால் கீழ்ப்பக்கம் வீசும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 2½ முதல் 3 அடி, மேல்விளிம்பு சுமார் 7 அடி என்று வைத்தால் பொருந்தும். சரியான இறக்கத்தைக் கருவியின் ‘ஆஃப்செட்’ அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை போடுமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள். உப்புப் பூத்த பூச்சு ‘டொப்’ என்று ஒலிக்கும், அங்கே பிளக் நிற்காது. சுண்ணாம்புக் காரை போட்ட பழைய வீடுகளில் பூச்சு மட்டுமே ஓர் அங்குலத்துக்கு மேல் இருக்கும். அதைத் தாண்டிக் கல்லுக்குள் குறைந்தது 2 அங்குலம் போகும் திருகு வேண்டும். கல்லும் பொடியாக வந்தால் அந்தச் சுவரை விட்டுவிட்டுத் தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டே செய்துகொள்ளலாம். தளத்தில் கம்பி துருத்திக் காரை விழுந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எதையும் தொங்கவிடாதீர்கள். திருகு, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. 304 தரத்திலேயே கடலோரத்தில் பழுப்புக் கறை வரும், 316 கிடைத்தால் விடாதீர்கள். கருவியின் அடித்துளைகள் பெரும்பாலும் எம்4, அதாவது 4 மி.மீ. திருகுக்கானவை. நீளமான திருகைப் போட்டு உள்ளே பலகையைக் குத்திவிடாமல் கையேட்டில் ஆழத்தைப் பாருங்கள்.

காற்று இழுக்கும் பக்கம் கடல் பார்த்த ஜன்னலை நோக்கி இருக்கக் கூடாது. இரு பக்கவாட்டிலும் ஓர் அடி இடைவெளி விடுங்கள்.

திரைக்கு அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய பிவிசி துணிதான் இங்கே நிலைக்கும். சுருட்டித் தொங்கவிடும் வகையின் ஸ்பிரிங் துருவேறி ஒருநாள் பாதியில் நின்றுகொள்ளும். சுவருக்கும் சட்டத்துக்கும் இரண்டு அங்குல இடைவெளி இருந்தால் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பின்பக்கம் பூஞ்சைப் புள்ளி வராது. வெறும் சுவரிலேயே காட்டுவதென்றால் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன். பட்டி உரிந்த இடமெல்லாம் படத்தில் தழும்பாகத் தெரியும்.

படத்தைச் சரிசெய்வது

முதலில் படத்தின் கோணலைத் தானாக நிமிர்த்தும் ஆட்டோ கீஸ்டோனை அணைத்துவிடுங்கள். கருவி கோணலாக இருப்பதை அது பிக்சலைத் தின்று மறைக்கிறது, எழுத்தின் கூர்மை போய்விடும். லென்ஸைத் திரையின் நடுக்கோட்டுக்கு நேராக நகர்த்தி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, படத்தின் இடது வலது ஓரங்களை டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரம் வரும்வரை கருவியைத்தான் திருப்ப வேண்டும். பிறகு 20 நிமிஷம் ஓடவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள். சூடேறாத லென்ஸில் வைத்த ஃபோகஸ் இடைவேளைக்குள் நழுவும். பிக்சர் மோடு ‘சினிமா’, ஷார்ப்னஸ் பாதிக்குக் கீழே. ‘டைனமிக்’ மோடில் முகமெல்லாம் பச்சையடிக்கும்.

எச்டிஎம்ஐ கேபிள் 5 மீட்டர் வரை சாதாரணமானது போதும். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ. அதில் கருவிப் பக்கம், பிளேயர் பக்கம் என்று குறி இருக்கும், திருப்பி மாட்டினால் படமே வராது. கருவியிலுள்ள ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் உதடு ஒருபக்கம் சத்தம் ஒருபக்கம் ஆகும் என்பதால் ஆடியோவை ஒயரிலேயே கொண்டுபோங்கள்.

கரண்ட்

படம் ஓடும்போது கரண்ட் போனால் விளக்கு வகைக் கருவியில் உள் ஃபேனும் நின்று, சூடு வெளியேற வழியில்லாமல் விளக்கின் ஆயுள் குறையும். 600 வி.ஏ. யுபிஎஸ் ஒன்று, முறையாக அணைத்துக் குளிரவிடும் நேரத்தைத் தரும். விளக்கு 300 வாட்டுக்கு மேல் இழுத்தால் 1 கே.வி.ஏ. எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும், பின்புறச் சுவிட்ச் ‘யுபிஎஸ்’ பக்கம் இருக்கட்டும்.

மணல் தரையில் எர்த் சரியாக நிற்பதில்லை, குழாயும் உப்பில் அரித்துப்போகும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ மாட்டும்போது விரலில் சுரீர் என்பதோடு, போர்ட்டும் ஒருநாள் போய்விடும். வடகிழக்குப் பருவத்தில் இடி இறங்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் ஆன்டெனாவிலிருந்து செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் எச்டிஎம்ஐயையும் கழற்றிவிடுங்கள்.

துடைப்பது

லென்ஸை எடுத்த எடுப்பில் துணியால் துடைத்தால் உப்புக்கல்லும் மணலும் கோடு போட்டுவிடும். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடைக்க வேண்டும். ஃபில்டரைப் போர் தண்ணீரில் கழுவவே கூடாது, காய்ந்ததும் அதுவே உப்புத்தாள். பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் தூசியை எடுங்கள். கையேடு 100 மணி நேரம் என்றால் ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் 50க்கே செய்யுங்கள்.

மொட்டைமாடிக் காட்சி

காற்று மணிக்கு 36 கி.மீ. வீசினால் 100 அங்குலத் திரையின் மேல் 17 முதல் 20 கிலோ எடை தள்ளுவது போன்ற விசை விழும். பாய்மரம் கட்டியது போலத்தான். ஸ்டாண்டோடு திரை பறக்கும், கீழே தெருவில் ஆள் இருக்கலாம். படிக்கட்டு அறையின் வெளிச்சுவரைச் சமன்செய்து வெள்ளையடித்து அதையே திரையாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அறுபது எழுபது அங்குலம் கிடைத்தாலும் பரவாயில்லை. கோடையில் ஏழேகால் மணிக்கு முன் வெளிச்சம் முழுதாக அடங்காது. ஏசி அறையிலிருந்து மாடிக்குக் கொண்டுவந்த கருவியை அரைமணி நேரம் ஆன் செய்யாமல் வையுங்கள், லென்ஸிலும் உள்ளேயும் நீர் கோத்திருக்கும். மார்கழிப் பனியில் பத்து மணிக்குமேல் கருவியை வெளியில் விடாதீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் கருவியைத் தாங்கியிலேயே விட்டுவிட வேண்டாம். நன்றாகக் குளிர்ந்தபின் கழற்றி, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையாகியிருந்தால் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் திரும்ப உதவும். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஊரில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டினாலே உள்ளே ஈரம் தங்காது.