மைக் ஒலியை இன்னொரு கணினிக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், திருவாரூர் பக்கத்துத் திருவிழாக்களில் இப்போது சில பையன்கள் லினக்ஸ் மடிக்கணினியோடு வந்துவிடுகிறார்கள். மண்டபத்தில் ஒரு கணினி மைக் ஒலியை வாங்கும். அடுத்த தெரு அன்னதானக் கூடத்தில் இன்னொன்று அதை ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ஒரே கட்டளையில் முடிகிற வேலை. தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மைக்கை மியூட்டில் வைப்பது, ஐபி எண்ணைத் தப்பாக அடிப்பது எல்லாம் உடனே தெரிந்துவிடும், அவை இங்கே வேண்டாம்.

ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு எழுந்து போவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒலியைப் பதிவு செய்யும் ஏரெக்கார்டு கட்டளையில் எடுத்து, இரண்டு கணினிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் வழியே அனுப்பி, அந்தப் பக்கம் ஒலியை வாசிக்கும் ஏப்ளே கட்டளையில் ஒலிக்கவிடுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் அருமையாக இருக்கும். சாயங்காலம் நாதஸ்வரக் கச்சேரி நடக்கும்போது கூடத்துக்குப் போனால், தவில் தீர்மானம் மண்டபத்திலிருந்து காற்றில் ஒருமுறை கேட்கிறது, சில நொடி கழித்து ஸ்பீக்கரில் இன்னொருமுறை. "அண்ணே, காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்று மைக் ஒயரை மாற்றிக்கொண்டிருந்தான் ஒரு தம்பி. ஒயரில் ஒரு குறையும் இல்லை.

எஸ்எஸ்எச் ஓடுவது டிசிபியில், அதாவது ஒரு துண்டும் விடாமல் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் முறையில். வழியில் ஒரு துண்டு தொலைந்தால், அது திரும்பக் கிடைக்கும் வரை பின்னால் வந்ததையும் டிசிபி நிறுத்திவைக்கும். வைஃபை இரண்டு நொடி திணறினாலும் மைக் நிற்காது, அந்த இரண்டு நொடி ஒலி வழியில் சேர்ந்துகொள்ளும். மதகைத் திறந்தால் தேங்கிய தண்ணீர் வேகமாகப் பாய்ந்து தீர்ந்துவிடும். ஒலி அப்படித் தீராது. ஏப்ளே அதே வேகத்தில்தான் வாசிக்கும், ஆகவே வந்த தாமதம் அப்படியே தங்கிவிடும். அடுத்த திணறல் அதற்கு மேல் ஏறும். போதாததற்கு, இரண்டு சவுண்டு கார்டுகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கேட்கும் பக்கம் இம்மியளவு மெதுவாக ஓடினாலும் நேரம் போகப்போகத் தாமதம் வளரும்.

சரி, தரத்தைக் குறைத்தால் தீருமா என்றால், இன்னும் மோசமாகலாம். ஒரு கட்டளையிலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கொண்டுபோகும் லினக்ஸ் பைப் ஒன்று 65,536 பைட் பிடிக்கும். சிடி தரத்தில் நொடிக்கு 1,76,400 பைட், ஆக அதில் அடங்குவது அரை நொடிக்கும் குறைவு. 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் அதே பைப்பில் நான்கு நொடி ஒலி தேங்கலாம்.

நேரலைக்கு, தொலைந்த துண்டுக்காகக் காத்திருக்காத யுடிபி முறைதான் சரி. எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலில் ஓபஸ் என்ற ஒலி வடிவமாகச் சுருக்கி, யுடிபி மேல் நேரலை ஒலியைக் கொண்டுபோகும் ஆர்டிபியில் அனுப்புங்கள். ஒரு துண்டு தொலைந்தால் சின்னதாக ஒரு 'டக்' கேட்கும், அவ்வளவுதான். எஸ்எஸ்எச்சை விட முடியாத இடத்தில், கச்சேரி இடைவேளையில் இணைப்பை அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். எதுவானாலும் தொடங்கும்போது மைக் முன்னால் ஒருமுறை கைதட்டி, போனில் அந்தப் பக்கம் எப்போது கேட்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தட்டுங்கள். இரண்டாவது தட்டல்தான் சோதனை.

அளவுகளை எழுதாமல் விடுவது

ஏரெக்கார்டுக்கு எதுவும் சொல்லாவிட்டால் 8 பிட், 8000 ஹெர்ட்ஸ், மோனோ. நாதஸ்வரத்துக்கு அது ஆகவே ஆகாது.

சவுண்டு கார்டு எண்ணை நம்புவது

கரண்ட் போய் வந்து கணினி மறுபடி எழும்போது, ஒன்றாம் எண்ணில் இருந்த யுஎஸ்பி மைக் இரண்டுக்குப் போயிருக்கலாம். எண்ணுக்குப் பதில் கார்டின் பெயரைக் கட்டளையில் எழுதுங்கள்.

வைஃபை

ஒயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள்.

கேட்கும் பக்கத்தை மட்டும் நிறுத்துவது

யுடிபியில் இது ஆபத்து. கூடத்தில் ஸ்பீக்கரை அணைத்து, கணினியை மூடிய பிறகும் மண்டபத்துக் கணினி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். தரவை அப்படியே அனுப்பும் நெட்கேட் கட்டளையிலோ வெறும் ஆர்டிபியிலோ பிறர் கேட்காதபடி மறைக்கும் குறியாக்கம் கிடையாது, அதே நெட்வொர்க்கில் இருக்கிற ஒருவர் நினைத்தால் கேட்டுவிடலாம். சாமி புறப்பாடு முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்து வசூல் கணக்கு, குடும்பக் கதை எல்லாம் பேசுவார்கள். முதலில் மைக் இருக்கும் கணினியில் நிறுத்துங்கள், அப்புறம் மற்றதைப் பாருங்கள்.