பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள்: புதிதாகச் சேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஒக்டோபரில் ஈலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது, கொழும்பு வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழெட்டுப் பேர் மாஸ்டொடன் என்ற பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளத்தில் கணக்குத் திறந்தோம். அடுத்த சித்திரைப் புத்தாண்டுக்குள் மூவரே எஞ்சினோம். விலகியவர்கள் அந்த இடம் வெறிச்சோடிக் கிடப்பதாகச் சொன்னார்கள். எங்கள் மூவருக்கோ வாசித்து முடிக்க முடியாத அளவுக்குப் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. இந்த வேறுபாட்டுக்குத் தொடக்கத்தில் செய்த சில தவறுகளே காரணம் என்று இப்போது விளங்குகிறது.

அதிகாரப் பரவலாக்கல் என்ற சொல்லை இலங்கை-இந்திய ஒப்பந்தம் வந்த 1987 முதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நமக்கு ‘பரவலாக்கப்பட்ட’ என்ற அடைமொழி சற்று ஐயத்தையே தரும். இங்கே அதன் பொருள் எளியது. பேஸ்புக் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மாஸ்டொடனோ ஜேர்மனியில் ஒய்கன் ரொச்கோ 2016 இல் வெளியிட்ட திறந்த மென்பொருள். எவரும் அதைத் தமது சேர்வரில், அதாவது கணக்குகளையும் பதிவுகளையும் வைத்திருந்து இணையத்தில் வழங்கும் கணினியில், நிறுவி நடத்தலாம். அப்படித் தனித்தனியே இயங்கும் ஆயிரக்கணக்கான சேர்வர்கள் அக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையின் (கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளின்) வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன.

இதை விளங்காமல், கண்ணில் பட்ட முதலாவது சேர்வரில் கணக்குத் திறப்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுப்பவர்கூட, தண்ணீர் பில் தனியா, இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள், வீட்டுக்காரர் மேல்மாடியிலேயே இருக்கிறாரா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் முற்பணம் கொடுக்கிறார். சேர்வரும் யாரோ ஒருவருடைய வீடுதான். அதை நடத்துவது தனி ஆளா அல்லது குழுவா, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, விதிகள் எழுதி வைக்கப்பட்டுள்ளனவா, எந்தெந்தச் சேர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பவற்றுக்கு அதன் அறிமுகப் பக்கத்திலேயே பெரும்பாலும் விடை கிடைக்கும். தமிழில் வரும் ஒரு வசவைப் பற்றி முறைப்பாடு செய்தால் அதை வாசித்து விளங்கக்கூடியவர் அங்கே இருக்கிறாரா என்பதை மட்டும் நிர்வாகியிடமே கேட்க வேண்டும். மாஸ்டொடனின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் சேர்வர்கள், மூடுவதாயின் குறைந்தது 3 மாத முன்னறிவிப்புத் தருவதாக ஒப்புக்கொண்டவை. பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சேர்வரின் இணைய முகவரியான டொமைன் பெயரையும் கவனிக்க வேண்டும்: ஆப்கானிஸ்தானுக்குரிய பின்னொட்டுடன் இயங்கிவந்த ஒரு மாஸ்டொடன் சேர்வர், 2024 பெப்ரவரியில் தலிபான் நிர்வாகம் அந்தப் பெயரை முடக்கியதால் திடீரென முகவரி இல்லாமல் போயிற்று.

பிடிக்காவிட்டால் வேறு சேர்வருக்குப் போய்விடலாமே என்பார்கள். போகலாம்தான், ஆனால் வீட்டுச் சாமான் எல்லாம் கூடவே வராது. பின்தொடர்பவர்கள் புதிய கணக்குக்கு மாறிவருவார்கள். எழுதிய பதிவுகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். புதிய கணக்கில் பழைய முகவரியை முதலில் மாற்றுப்பெயராகப் பதிந்து, அதன் பிறகே பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். இதற்குப் பழைய சேர்வர் இயங்கிக்கொண்டிருப்பது அவசியம். எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர், தனி ஆள் நடத்திய சிறிய சேர்வர் ஒன்றில் இருந்தார். மூடப்போவதாக அறிவித்தல் வந்த இரண்டு மாதமும் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பக்கமே திறக்கவில்லை; யார் யாரைப் பின்தொடர்ந்தார் என்பதும் அவருக்கு நினைவில் இல்லை. அந்தப் பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்க இரண்டு நிமிடம் போதும். நான் அதைப் பழக்கமாக்கிக்கொண்டது அவருடைய நிலையைப் பார்த்த பிறகுதான்.

வெறிச்சோடித் தெரிவதற்கு வருகிறேன். பேஸ்புக்கில் நாம் சும்மா இருந்தாலும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். மாஸ்டொடனின் முகப்பில் நாம் பின்தொடர்பவை மட்டுமே நேர வரிசையில் வரும். பின்தொடராதவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆட்களைத் தேடுவதோடு ஹேஷ்டேக்குகளையும் பின்தொடர வேண்டும். சிறிய சேர்வரில் ஒரு ஹேஷ்டேக்கைத் தேடி நாலு பதிவு மட்டும் கண்டால், உலகில் அவ்வளவுதான் இருக்கின்றன என்று கொள்ளக்கூடாது. பெரும்பாலும் அங்குள்ள பயனர்கள் பின்தொடர்வோரின் பதிவுகளே அந்தச் சேர்வருக்கு வந்து சேர்கின்றன. தமிழில் எழுதுவோர் இன்னொன்றையும் தவறவிடுகிறார்கள். எழுதும் பெட்டியில் மொழியைத் தெரிவுசெய்யும் சிறு பொத்தான் ஒன்று உண்டு. அது ஆங்கிலத்தில் கிடக்க நாம் தமிழில் எழுதினால், பொதுப் பதிவோடையில் தமிழை மட்டும் தெரிவுசெய்து வைத்திருப்பவரின் கண்ணில் அந்தப் பதிவு படாது.

தனிச்செய்தி விடயத்தில் நான் வாங்கிய அடி மறக்காது. வாசிப்பு வட்டத்துக்குப் பேச வரவிருந்தவர் தாமதமாவதைப் பற்றி நண்பருக்குத் தனிச்செய்தியில் முறையிட்டபோது, அந்தப் பேச்சாளருடைய முழு மாஸ்டொடன் முகவரியையும் அட் (@) குறியோடு எழுதிவிட்டேன். அங்கே தனிச்செய்தி என்பது குறிப்பிடப்பட்டவர்களுக்கு மட்டும் போகும் பதிவே. ஆகவே அது பேச்சாளருக்கும் போயிற்று. கூட்டத்துக்கு வந்தார், நல்லவர், சிரித்தார். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடியதாக்கும் முனைக்கு முனை மறையாக்கமும் அங்குள்ள தனிச்செய்திக்குக் கிடையாது. சேர்வர் நிர்வாகி விரும்பினால் வாசிக்கலாம். அந்தரங்கமானவற்றுக்கு சிக்னல் போன்ற செயலியே தகும். அழித்த பதிவுக்கும் முழு உத்தரவாதம் இல்லை: அழிக்கும்படி மற்றச் சேர்வர்களுக்கு வேண்டுகோள் போகும், அவை அனைத்தும் அதை நிறைவேற்றும் என்று சொல்வதற்கில்லை.

2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இங்கே சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டதைக் கண்டவர்கள், பரவலாக்கப்பட்ட தளங்களை யாரும் தொட முடியாது என்று நம்ப ஆசைப்படுகிறார்கள். எல்லாச் சேர்வர்களையும் ஒருங்கே முடக்குவது கடினம் என்பது உண்மை. ஆனால் உங்கள் கணக்கு இருக்கும் ஒரு சேர்வரின் டொமைனைத் தடுப்பது கடினமல்ல. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், கொழும்பிலிருந்து எழுதுபவரை அவருடைய சேர்வர் ஜேர்மனியில் இருக்கிறது என்பதற்காக விட்டுவைக்காது.

பரவலாக்கப்பட்டது எனச் சொல்லப்படும் இன்னொரு சமூக வலைத்தளமான புளூஸ்கையையும் மாஸ்டொடனையும் ஒன்றெனக் கருதுவோரும் உண்டு. புளூஸ்கை இயங்குவது ஏ.ரி. (AT) புரோட்டோகோல் என்ற வேறு நெறிமுறையில். இடையில் பாலமாகச் செயற்படும் சேவை இன்றி இரண்டும் பேசிக்கொள்ளா. பயனர்களில் மிகப் பெரும்பாலோரின் தரவு புளூஸ்கை நிறுவனத்தின் சேர்வர்களிலேயே இருப்பதால் அதன் பரவலாக்கம் இன்னும் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது என்பது என் கணிப்பு. அங்கே நீங்கள் யாரைத் தடுத்தீர்கள் என்பதும் பொதுத் தரவு. பிறரால் பார்க்க முடியும்.

உற்சாக மிகுதியில் பழைய கணக்கை அன்றே மூடிவிடுவதும் வேண்டாம். என் பேஸ்புக் கணக்கு இன்னமும் திறந்தே இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பெரியம்மா குடும்பத்து மரண அறிவித்தல்களை வேறெங்கும் போடுவதில்லை.