டயர்த்தூள் கலக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளும் கல்லட்டியின் 36 வளைவுகளும் தேய்த்துப் போட்ட டயர்கள், எங்கள் மலையில் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு குவியல் கிடக்கும். 'இதை உருக்கி மாட்டுத் தொழுவத்தில் விரிக்க மேட் அடிக்கலாமே' என்பார்கள். முதல் தவறே அந்த 'உருக்கி'தான். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர், வெந்த சோறு மாதிரி. திரும்ப அரிசி ஆகாது. சூடேற்றினால் உருகாது, கருகும். அதனால்தான் தூளாக அரைத்துப் புது ரப்பரில் கலக்கிறோம். அல்லது எண்ணெயும் ரசாயனமும் சேர்த்துச் சூட்டில் ஓரளவு இளக்கிய ரீக்ளெய்மை வாங்குகிறோம்.

கிடைத்ததையெல்லாம் ஒன்றாக அரைப்பதும் கூடாது. லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், கார் டயரில் செயற்கை ரப்பர் அதிகம். மேட்டுக்கு அது பரவாயில்லை. டியூப்தான் வில்லன். பெரும்பாலும் அது பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரோடு சேர்ந்து வேகாது, அந்த இடத்தில் பிளவு விடும். கம்பித் துணுக்கைக் காந்தமும் நைலான் பஞ்சைச் சல்லடையும் பார்த்துக்கொள்ளும்.

வேகவைக்கச் சேர்க்கும் கந்தகம், அதாவது சல்ஃபர் கணக்கில் அனுபவசாலிகளே தடுமாறுகிறார்கள். ரீக்ளெய்மில் ஏறக்குறைய பாதிதான் ரப்பர். மீதி கரி, எண்ணெய் வகையறா. 100 கிலோவையும் ரப்பர் என்று எண்ணிச் சல்ஃபர் போட்டால் மேட் விறைத்து, மடக்கினால் வெடிக்கும். தூளோ நேர்மாறு. சுற்றியுள்ள புது ரப்பரிலிருந்து சல்ஃபரை அது உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே கொஞ்சம் கூட்ட வேண்டும். தன்னிடம் மிச்சமிருக்கும் ஆக்சிலரேட்டரையும் (வேகவைப்பதை விரைவாக்கும் மருந்து) வெளியே விடும்; கலவை சூட்டில் அழுத்தி மேட் அடிக்கும் பிரஸ்ஸுக்குப் போகும் முன்னே, கலக்கும் மில்லிலேயே வேகத் தொடங்கிவிடும்.

ஈரத்தில் அடி வாங்கியது நானே. ஓர் ஐப்பசியில் 30 மெஷ் (அங்குலத்துக்கு 30 கண் உள்ள சல்லடையில் சலித்த) தூள் மூட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டு நாலு நாள் மழைக்கு ஒதுங்கியிருந்தேன். ஜன்னல் வழியே மூடுபனி உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. குன்னூரில் அது விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். பிறகு 150 டிகிரியில் அடித்த மேட், பிரஸ்ஸைத் திறந்ததும் அப்பளமாய்க் கொப்பளித்தது. பிரஸ் சூட்டையும் அழுத்தத்தையும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீண். கடைசியில் 100 கிராம் தூளை எடைபோட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேலே உலர்த்தி மறுபடி எடைபோட்டேன். குறைந்திருந்தது. உள்ளே இருந்த ஈரம்தான் ஆவியாகிக் கிளம்பியிருக்கிறது. மழைக்காலத்தில் மூட்டையைக் கட்டியே வையுங்கள், கலக்கும் முன் உலர்த்துங்கள். கலவையில் கொஞ்சம் சுட்ட சுண்ணாம்புப் பொடி சேர்த்தால் மிச்ச ஈரத்தைக் குடித்துவிடும். நீர்த்த சுண்ணாம்பு போட்டுப் பயனில்லை, அது ஏற்கெனவே குடித்து முடித்தது.

எதில் கலப்பது என்பதிலும் பேராசை வேண்டாம். ஒவ்வொரு துகளும் விரிசல் தொடங்க ஓர் இடம். 30 மெஷ் துகள் ஏறத்தாழ 0.6 மி.மீ., 80 மெஷ் 0.18 மி.மீ.; நைஸாக இருந்தால் பலம் குறைவது குறையும், விலை ஏறும். மாட்டு மேட்டுக்குத் தாராளமாகப் போடலாம். வண்டியின் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குக்கு வேண்டவே வேண்டாம்.

டயர் மறுசுழற்சியையே தொழிலாகச் செய்வதென்றால் 2022 விதிப்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு தேவை. அரைக்க அனுப்பும்வரை டயரில் மழைநீர் தேங்காமல் தார்ப்பாய் போடுங்கள், டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. மார்கழிப் பனியில் கொளுத்திக் குளிர்காய டயர் கேட்டு வருபவர்களுக்கு விறகு கொடுத்து அனுப்புங்கள். டயர்ப் புகையில் பென்சீன் இருக்கிறது.