துணி நாப்கினில் ஓரக் கசிவு: கோளாறு தையலில்

கடலூரில் தைத்துக் கொடுக்கும் மாதவிடாய் நாப்கின்களில், நடுப்பகுதி முழுசாய் நனையும் முன்பே ஓரம் ஈரமானது. உள்ளே ஒரு மடிப்பு கூட்டியும் பலனில்லை, தடிமன்தான் மிச்சம். பிரித்துப் பார்த்தால், உள்துணியைப் பிடிக்க ஓட்டிய தையல் அடியிலிருந்த, தண்ணீர் புகாத பி.யூ.எல். துணியையும் துளைத்திருந்தது. பருத்தி நூல் விளக்குத் திரி மாதிரி ஈரத்தை இழுத்திருக்கிறது.

இப்போது டர்க்கி டவல் 3 மடிப்பை 6 செ.மீ. அகலத்தில் வெட்டி, மேல் ஃபிளானல் துணியோடு மட்டும் தைக்கிறேன். முடிந்த அகலம் 8 செ.மீ.; இருபுறமும் 1 செ.மீ. வெற்று ஓரம். பி.யூ.எல்-லில் சுற்றுத் தையல் மட்டும்: பாலியஸ்டர் நூல், 11ஆம் நம்பர் பால்பாயின்ட் (முனை உருண்ட) ஊசி, 3 மி.மீ. தையல். குண்டூசி வேண்டாம், குத்திய ஓட்டை மூடாது, கிளிப் போதும்.

சோதிக்கும் முன் 3 தரம் துவைக்கணும், புதுத் துணியின் எண்ணெய்ப்பசை தண்ணீரை உருட்டிவிடும். சிரிஞ்சில் 15 மி.லி. கலர் தண்ணீரை ஒரு நிமிடத்தில் நடுவில் விட்டு, மேலே 1 கிலோ அரிசிப் பொட்டலம் வைத்தால் ஓரம் காய்ந்தே இருக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால் உறிஞ்சுவது குறையும். ஐப்பசி மழையில் டர்க்கி டவல் லேசில் காயாது. அதனால் உள்துணியின் ஒரு முனையை மட்டும் தைத்து, காயப்போடும்போது நாக்கு மாதிரி வெளியே தொங்கவிடலாம்.